விலை கொடுத்தவர் பெறும் பாட்டம்

கணினி விளையாட்டு ஒன்றை இணையக் கடையில் விலைக்கு வாங்குபவர், பணம் செலுத்தியதும் எதற்கு உரியவராகிறார் என்ற கேள்விக்கு அக்கடைகளின் ஒப்பந்தப் பத்திரங்களே தெளிவான விடை வைத்திருக்கின்றன: அவர் அந்த விளையாட்டுக்கு உரியவர் ஆவதில்லை, அதைப் பயன்படுத்திக்கொள்வதற்கான அனுமதியை மட்டும், அதுவும் வழங்கியவர் அதைத் திரும்பப் பெறாத காலம் வரைக்கும், பெறுகிறார். இந்த அனுமதியை நடைமுறையில் காவல் காக்கும் ஏற்பாடே நகல் தடுப்பு. ஒரு கோப்பு யாருடைய கணக்கில், எந்தக் கணினியில், எத்தனை முறை திறக்கப்படலாம் என்ற விதியை மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைத்து, அது மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் இந்தப் பூட்டை உலக வழக்கில் டிஆர்எம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். திருட்டுப் பிரதியைத் தடுப்பதே அதன் பயன் என்று சொல்லப்படுகிறது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளின் நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அது திருடரைத் தடுத்த காலம் குறுகியதாகவும், விலை கொடுத்தவரைக் கட்டிவைத்த காலம் நீண்டதாகவும் இருப்பது தெரியவரும். நிலத்தின் மீதான உரிமையைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய நாஞ்சில் நாட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த நிலை அடையாளம் காணக்கூடியதே: முழு விலையையும் கொடுத்துவிட்டு, வாங்கியவர் பாட்டக்காரராக நிற்கிறார்.

பூட்டுகளில் பல தலைமுறைகள் உண்டு. அசல் வட்டு கணினிக்குள் இருக்கிறதா என்று சோதிப்பது பழைய முறை. உறையில் அச்சிட்ட எண்வரிசையைக் கேட்பது இன்னொன்று. தமிழகத்தின் டிடிபி கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு வேறொரு வகை நன்கு பழக்கமானது. இந்திய மொழி எழுத்துருக்களையும் அச்சுக்கோப்பு மென்பொருள்களையும் விற்ற நிறுவனங்கள் சில, அவற்றோடு 'டாங்கிள்' எனப்படும் ஒரு சிறு வன்பூட்டையும் கொடுத்தன. பிரிண்டர் செருகும் இணைப்பில் அதைப் பொருத்தினால் மட்டுமே மென்பொருள் இயங்கும். பின்னால் வந்த கணினிகளில் அந்தப் பழைய இணைப்பு இல்லாமல் போனது. டாங்கிள் பழுதானாலோ தொலைந்தாலோ, முறைப்படி வாங்கிய மென்பொருளும் அதில் கோத்து வைத்த நூல்களின் கோப்புகளும் சேர்ந்தே முடங்கின. இன்றைய விளையாட்டுக் கடைகளில் அந்த வன்பூட்டின் இடத்தைக் கணக்கும் சர்வரும் எடுத்துக்கொண்டுள்ளன. 2003-இல் தொடங்கிய ஸ்டீம் போன்ற கடையில் வாங்கியவரின் விளையாட்டுகள் அவருடைய கணக்கோடு பிணைக்கப்படுகின்றன. அதற்கு மேல், 2014 முதல் புழக்கத்தில் உள்ள டெனூவோ போன்ற கூடுதல் பூட்டுகளை வெளியீட்டாளர்கள் விலைக்கு வாங்கித் தங்கள் விளையாட்டுகளில் சேர்க்கிறார்கள். விளையாட்டு திறக்கும்போதோ சில நாட்களுக்கு ஒருமுறையோ தொலைவில் உள்ள சர்வரைக் கேட்டு அனுமதி பெறுவது இவற்றின் பொது இயல்பு.

கேட்கப்படும் இடத்திலிருந்து பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 மார்ச்சில் விடை கிடைத்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் தன் 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டின் கணினிப் பதிப்பை, ஆடும் நேரம் முழுவதும் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியிட்டிருந்தது. ஒருவர் தன் வீட்டில் தனியாக ஆடும் கதை விளையாட்டு அது, இணையத்தின் தேவை அதற்குள் எங்கும் இல்லை. அந்த மாதம் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியபோது, பணம் கொடுத்தவர்களால் விளையாட்டைத் திறக்க முடியவில்லை. 2013 மார்ச்சில் வெளியான 'சிம்சிட்டி'யும் இதே நிபந்தனையால் தொடக்க நாட்களில் வாங்கியவர்களுக்குப் பயன்படாமல் கிடந்தது. இணையமின்றி ஆடும் வசதி அதற்கு மறு ஆண்டுதான் தரப்பட்டது. 2021-இல் வெளியான 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' இன்னும் வெளிப்படையான சான்று. அதன் கணினிப் பதிப்பு சண்டைக் காட்சிகளில் திணறித் திணறி ஓடியது; பூட்டை உடைத்து வெளியிடப்பட்ட திருட்டுப் பிரதியில் அந்தத் திணறல் இல்லை என்பதைத் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டிய பிறகு, கேப்காம் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. காசு கொடுத்தவர் கையில் குறையுள்ள சரக்கும் கொடுக்காதவர் கையில் குறையற்ற சரக்கும் இருந்த அந்தச் சில வாரங்களை, வணிக நேர்மையின் எந்த அளவுகோலாலும் நியாயப்படுத்த இயலாது.

எப்போதும் இணைப்பு இருக்கும் என்ற எதிர்பார்ப்பே பெருநகரத்தின் எதிர்பார்ப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் அழிந்தன. பல ஊர்களில் நாள் கணக்காக மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. கடலுக்குச் சென்ற மீனவர்கள் திரும்பாத வீடுகள் நிறைந்திருந்த அந்த நாட்களில் விளையாட்டைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வந்திருக்காது, வரவும் கூடாது. அந்தத் துயரத்தோடு எதையும் ஒப்பிடும் நோக்கம் இங்கு இல்லை; இணைப்பு என்பது எத்தனை எளிதில் அறுபடக்கூடிய பொருள் என்பதை அப்புயல் காட்டியது என்பதே சொல்லத்தக்கது. மின்சாரம் திரும்பிய பின்னும் இணையம் திரும்பாதிருக்கும் ஒரு வீட்டில், அலமாரியில் உள்ள புத்தகம் திறக்கும், குறுவட்டில் உள்ள பாட்டு ஒலிக்கும். கணினியில் ஏற்கெனவே இறக்கி வைத்த விளையாட்டு, சர்வரின் அனுமதிக் காலம் தீர்ந்திருந்தால், திறக்காது. ஸ்டீம் கடை இணையமின்றி ஆடும் முறையை அளிக்கிறது என்றாலும், அதற்கு முன்னேற்பாடாக இணைப்பு உள்ளபோதே உள்நுழைந்து வைத்திருக்க வேண்டும். புயல் அப்படி முன்னறிவித்து ஆயத்தப்படுத்திவிட்டு வருவதில்லை. இந்தப் பூட்டுகளை வடிவமைத்தவர்களின் மனத்தில், மழைக்காலத்தில் இணைப்பு அறுபடும் ஒரு ஊரின் வாடிக்கையாளர் இடம் பெறவே இல்லை.

ஆயினும் இணைப்பு அறுபடுவது சிறிய தீங்கே. இணைப்பு எத்தனை உறுதியாக இருந்தாலும் நீங்காத பெரிய தீங்கு ஒன்று இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளத் திருவிதாங்கூரின் நில வரலாறு துணை செய்யும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டில், அதாவது இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களில், உழுபவர் நிலத்தைப் பல்வேறு வகை உரிமைகளோடு வைத்திருந்தார். அவற்றுள் பண்டாரப்பாட்டம் என்பது அரசுக்குச் சொந்தமான நிலத்தைப் பாட்டம், அதாவது குத்தகைத் தொகை, செலுத்தி அனுபவிப்பது. உழுது, வாய்க்கால் வெட்டி, தென்னை நட்டு, தலைமுறைகளாக அந்த நிலத்தைப் பண்படுத்தியவர்களுக்கும் அது தம்முடையது என்று சொல்லும் உரிமை இல்லை. 1865-ஆம் ஆண்டு வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம் இந்த நிலையை மாற்றியது. வரி செலுத்தி வரும்வரை அந்நிலங்களை அனுபவிப்பவர்கள் அவற்றை விற்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம், வேறு வகையில் கைமாற்றலாம். பொதுத் தேவைக்காக அரசே எடுத்துக்கொள்ள நேர்ந்தாலும் ஈடு கொடுக்க வேண்டும் என்று அது உறுதி அளித்தது. ஜன்மி எனப்பட்ட தனி உடைமையாளர்களின் நிலங்களில் பயிரிட்டவர்களுக்கு, 1867-ஆம் ஆண்டின் அறிவிப்பு வெளியேற்றத்திலிருந்து ஓரளவு காப்பு அளித்தது. திருவிதாங்கூர் விவசாயி தன் நிலத்தில் துணிந்து முதலீடு செய்யத் தொடங்கியதற்கு இந்த விளம்பரங்கள் முதன்மையான காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

விளையாட்டுக் கடையில் வாங்குபவரை இந்த வரிசையில் எங்கே நிறுத்துவது? அவர் கொடுப்பது ஆண்டுக் குத்தகை அன்று, ஒரே முறை செலுத்தும் முழு விலை. ஆகவே கொடுக்கும் அளவில் அவர் கிரயம் வாங்கியவருக்குச் சமம். பெறும் உரிமையிலோ, அவர் 1865-க்கு முந்தைய பாட்டக்காரருக்கும் கீழே நிற்கிறார். அந்தப் பாட்டக்காரர் நிலத்தை விட்டு அகற்றப்பட வேண்டுமென்றால் ஒரு அதிகாரி ஊருக்கு வந்தாக வேண்டும். ஊரார் அறிய அது நடக்கும். எதிர்த்து முறையிடவும் வழி இருக்கும். இணையக் கடையின் வாங்குநரை அகற்ற, தொலைவில் உள்ள ஒரு சர்வரில் ஒரு பதிவை நீக்கினால் போதும். பூட்டின் உண்மையான பணி இங்கேதான் வெளிப்படுகிறது: உடைமையாளரின் ஒப்புதலை ஒவ்வொரு நாளும் தேவைப்படும் ஒன்றாக அது ஆக்குகிறது.

வாரிசுரிமையில் இது இன்னும் கூர்மையாகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழி முறையில், ஒருவரின் சொத்து அவருடைய சகோதரியின் மக்களைச் சென்றடைந்தது. மனைவியும் பிள்ளைகளும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கை மட்டுமே எதிர்பார்க்க முடிந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்து, அந்த வயலின் நெல்லை உண்டு, அந்தக் குடும்பத்தின் எல்லா வேலைகளையும் செய்தவர்கள், குடும்பத் தலைவரின் மரணத்துக்குப் பிறகு அங்கு உரிமையற்றவர்களாக நின்றார்கள். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்த அவலத்தை ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், மனைவியுடைய குரலில் பாடியது; அம்முறையை மாற்ற எழுந்த குரல்களின் விளைவாகக் கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926 அளவில், திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அனுபவிப்பும் உரிமையும் பிரிந்து கிடந்தால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதைத் தமிழில் அந்நூலைவிடத் தெளிவாகச் சொன்ன ஆக்கம் அரிது. இன்றைய கடைகளின் ஒப்பந்தங்கள் வாங்கியவரின் கணக்கை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்கின்றன. ஸ்டீம் கணக்கை உயில் மூலமும் மற்றவருக்கு விட்டுச் செல்ல இயலாது என்று அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையினர் தெரிவித்த செய்தி 2024-இல் பரவலாகப் பேசப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் சேர்த்த விளையாட்டுகளை ஒரு தந்தை தன் மகளுக்கு விட்டுச் செல்ல வழியில்லை. மகளுக்கு மட்டுமன்றி மருமகனுக்கும் வழியில்லை.

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா' என்ற விளையாட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. ஆடுபவர், தாயிடமிருந்து மகளுக்கு வந்த சமையல் குறிப்பேட்டின் கிழிந்தும் கறைபட்டும் போன பக்கங்களைச் சரிசெய்து, இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வு பெற்றது. தமிழ் வாழ்வை உலக அளவில் ஒரு புதிய கலைவடிவத்துக்குக் கொண்டு சென்ற படைப்பு என்ற பெருமை அதற்கு உண்டு. கிழிந்தாலும் கறைபட்டாலும் ஒரு தாளேடு தலைமுறை கடந்து மகளின் கையை அடையும் என்பதே அந்த விளையாட்டின் அடிப்படை. ஆனால் அந்த விளையாட்டோ பெரும்பாலோரைக் கடைக் கணக்குகளின் வழியாகவே அடைகிறது. இது அதை உருவாக்கியவர்களின் குற்றமன்று. சிறு குழுக்கள் பெரும் கடைகளின் விதிகளுக்கு உட்பட்டே விற்க முடிகிறது.

கடை மூடப்படும்போது, அல்லது கடைக்காரர் மனம் மாறும்போது, என்ன நடக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் குவிந்துள்ளன. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டறிந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களின் ஒரு பதிப்பை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலே நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள் '1984' என்ற நாவலும் இருந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் ஒரு மாணவர் அந்த நூலைப் படித்து எழுதி வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின, அது வழக்காகவும் ஆனது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதில் வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. 2014-இல் வெளியாகி 2023 வரை விற்கப்பட்ட 'தி குரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடக்கூடிய பகுதிகளும் அத்தோடு இறந்தன. சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து அதன் அனுமதியும் நீக்கப்பட்டது. அதன் விளைவாக எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம், விற்ற விளையாட்டை விற்றவரே அழிப்பதைத் தடுக்கும் சட்டம் கோரி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், விற்கப்படுவது அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லிவிட்டுப் பறிப்பது சொல்லாமல் பறிப்பதைவிட மேல் என்ற அளவில் அது ஒரு முன்னேற்றம். அதற்கு மேல் அதனால் பயனில்லை.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் பொதுவாக எண்ணப்படுவதைவிட நியாயமானது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே அது குற்றம், சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு செயலுக்காக உடைத்தால் குற்றமில்லை. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் காக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது வாங்குபவரின் பக்கம் கணிசமாகச் சாய்ந்தது. குறை எங்கே என்றால், சட்டம் உரிமையைத் தந்துவிட்டுக் கருவியைத் தரவில்லை. காப்பு நகல் எடுக்க உரிமை பெற்ற நாகர்கோவில் வாசி ஒருவருக்கு டெனூவோ பூட்டைத் திறக்கும் திறன் இருக்கப்போவதில்லை. திறந்து கொடுக்குமாறு விற்றவரைப் பணிக்கும் விதியும் எங்கும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடமளிக்கும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுத்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் அத்தகைய ஒப்பந்தங்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சில ஆயிரம் ரூபாய் விளையாட்டுக்காக ஒருவர் மாவட்டத்தைத் தாண்டி வழக்காடப் போவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

படைத்தவரின் பக்கத்தைப் பேசாமல் இதை முடிப்பது முறையாகாது. திருட்டுப் பிரதி ஓர் உண்மையான தீங்கு. தமிழ்நாடு அதை உணர்ந்தே 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தித் திருட்டு வீடியோ வணிகர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. விளையாட்டுகளில் முதல் சில வாரங்களின் விற்பனையே செலவை மீட்கிறது என்று வெளியீட்டாளர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், முதல் சில வாரங்களுக்குப் போட்ட பூட்டு பத்தாண்டுகள் தொங்க வேண்டியதில்லை என்பதே அதிலிருந்து பிறக்கும் முடிவு. வெளியீட்டாளர்கள் பலர் சில மாதங்களுக்குப் பின் டெனூவோவைத் தாங்களாகவே நீக்கிவிடுகிறார்கள்; ஆகவே நீக்குவது இயலாத காரியமன்று. போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடை, தான் விற்கும் விளையாட்டுகளைப் பூட்டின்றி, வாங்கியவர் தன் வட்டில் சேமித்து வைத்துக்கொள்ளும் கோப்பாகவே கொடுக்கிறது. அதே குழுமம் 2015-இல் உருவாக்கிய 'தி விட்சர் 3' அக்கடையில் முதல் நாளிலிருந்தே பூட்டின்றிக் கிடைத்தது; எல்லாத் தளங்களிலும் சேர்த்து அது 5 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாள்தோறும் இணையத்தில் எவரும் படிக்கும்படி வெளியிட்டார். அதன் பின்னரும் வாசகர்கள் அந்நாவல்களை விலை கொடுத்து அச்சு நூல்களாக வாங்கினார்கள். விளையாட்டும் நாவலும் ஒரே வணிகம் அல்ல என்பது உண்மையே. ஆனாலும் பூட்டு இல்லாவிட்டால் எவரும் பணம் கொடுக்க மாட்டார் என்ற கூற்று வாங்குபவரின் மீது சுமத்தப்படும் ஆதாரமற்ற சந்தேகம் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

காலம் என்ற அளவில் பார்க்கும்போதுதான் பூட்டின் தீங்கு முழுமையாகத் தெரிகிறது. பதிப்புரிமைக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: இந்தியாவில் நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள். கவிமணி 1954-இல் மறைந்தார். ஆகவே 2015 முதல் அவருடைய பாடல்களை எவரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். அந்த 60 ஆண்டுகளில் பிரதிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் சிதறிக் கிடந்து தப்பிப் பிழைத்தன. அதற்கும் முந்தைய காலத்தில், குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கதைகள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் புலவர்களால் பெயர்த்து எழுதப்பட்டே நம் காலம் வரை வந்தன. நகல் எடுத்தவர்கள் இல்லையென்றால் அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்களுக்குத் தேடித் தொகுக்க ஏடே இருந்திருக்காது. கணினி நிரலும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது; அதன் பதிப்புரிமையும் ஒரு நாள் தீரும். ஆனால் சர்வர் இருக்கும் வரை மட்டும் திறக்கும் பூட்டு, உரிமைக் காலம் தீர்ந்த அன்று தானே விலகிக்கொள்வதில்லை. பொதுமக்களின் கைக்கு வர வேண்டிய நாளில், வந்து சேர எஞ்சியிருக்கும் பிரதி எதுவும் இருக்காது.

நூல்களைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு இந்தியா ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் வெளியீட்டாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது. அவற்றுள் ஒன்று சென்னை கன்னிமாரா நூலகம். பின்னர் நாளிதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. இந்த ஏற்பாட்டைக் கணினி விளையாட்டுகளுக்கும் விரித்து, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டின் பூட்டற்ற பிரதி ஒன்றைக் கன்னிமாரா போன்ற நூலகத்தில் வைப்பாகப் பெற்றுக்கொள்ளவும், சர்வரை நிறுத்தும் நிறுவனம் அதற்கு முன்பே வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் அத்தகைய பிரதியைத் தந்தாக வேண்டும் என்று விதிக்கவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 65ஏ பிரிவு பூட்டைப் போட்டவருக்குத் தரும் பாதுகாப்பை, இந்த இரண்டு கடமைகளையும் நிறைவேற்றியவர்களுக்கு மட்டுமே உரியதாகத் திருத்தினால், தனியாக ஒரு புதிய சட்டம் இயற்றும் தேவைகூட எழாது.